இருநூற்று நாற்பது வாட்டில் ஒரு கல்யாண மேடை

நான் கல்யாண மேடை கட்டுகிறவள். எனக்குக் கட்டை வேண்டாம், ஆணி வேண்டாம், ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். மண்டபத்தில் நிஜ மேடை எழும்புவதற்கு முன்பே மர்பி டவுனில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அது எழும்பிவிடும். தூண், தோரணம், விளக்கு, மாப்பிள்ளை பெண் உட்காரும் சோபா, பின்னால் தொங்கும் பூச்சரம் எல்லாவற்றையும் வைத்து, நிழல் வெளிச்சத்தோடு படமாக்கி, டெக்கரேட்டர் கோவிந்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். அவர் அதைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய், "நான் போட்ட டிசைன்" என்று காட்டுவார். அங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

கோவிந்தப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கூலியில் கை வைக்க மாட்டார், உகாதிக்கு ஒப்பட்டு, அதாவது போளி, கொடுத்தனுப்புவார். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாண வீட்டின் வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை. "நானும் வரட்டுமாண்ணா?" என்றால், "படம் இருக்கில்லம்மா, நீ எதுக்கு அலையணும்?" என்பார். படம் இருக்கிற வரைக்கும் நான் தேவையில்லை. அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

இதற்கு ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியும். மேடையைப் படமாக இல்லாமல், உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி காட்டலாம். பெண்ணின் அம்மா "இந்தத் துணி வேணாம், மஞ்சள் போடு" என்றால் அவர் கண் முன்னாலேயே மஞ்சளாக்கலாம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. மவுஸைப் பிடிக்க ஓர் ஆள் அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த ஆள் நான்.

சிக்கல் என்னவென்றால், என் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டியது. கணக்கு எழுதப் பிறந்த மெஷின். படத்தை வேகமாக வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு படம் வெந்து வருவதற்கு அரை நாள் ஆகும். அதில் நடக்கவா முடியும்?

அப்போதுதான் ரிச்சர்ட்ஸ் டவுன் கல்யாணம் வந்தது. பெண்ணின் அம்மா மௌரீன் ஏற்கெனவே இரண்டு டெக்கரேட்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். படம் காட்டினால், "படத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டார் சர்ச் முடிந்து வந்ததும் கோவிந்தப்பா போய்ப் பார்க்க வேண்டும். போனில் அவர் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், சட்டென்று சொல்லிவிட்டேன்.

"அண்ணா, இந்த வாட்டி படம் வேணாம். மேடைக்குள்ள நடந்தே காட்டறேன். நானே மெஷினோட வரேன்."

 "ஆகட்டும்மா. ஆனா அங்க வந்து மெஷின் கைய விரிச்சுதுன்னா என் மானம் போவும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. படம் மட்டும் அனுப்பிக்கினு இரு" என்றார்.

"சரிண்ணா" என்றேன். 

சுனில் என் புருஷன், லிஃப்ட் மெக்கானிக். தொம்மலூர்ப் பக்கத்து ஆபீஸ் கட்டடங்களில் எந்த லிஃப்ட் நின்றாலும் அவன்தான் போக வேண்டும். காதல் கல்யாணம் என்பதால் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கோலார் தங்கவயலிலிருந்து மாமியார் வந்தால் மட்டும் 'ஏங்க'. விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட அவனுக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே ஜாய்சன் என்பவனின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. தரையிலிருந்து படி வரைக்கும் பழைய கார்டு, பழைய டிஸ்க், பழைய ஒயர். கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"உங்க சிஸ்டத்துல பவர் சப்ளை எத்தினி வாட்டு?"

கரெண்டை உள்ளே வாங்கி மெஷினின் எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டப்பா அது. அதனால் எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவுதான் கார்டு கேட்கலாம். இது எனக்கும் தெரியும். எண் மட்டும் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் சுனில் சொன்னான்:

"நானூத்தி அம்பது."

"பாத்தியா நீ?" என்றேன்.

"பாக்காம சொல்லுவனா?"

ஜாய்சன் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தான். ஒன்று முழங்கை நீளம், இரட்டை விசிறி, பளபள. "இது நல்லா இழுக்கும். ஆனா கார்டு சொருவுற ஸ்லாட்டுல வர்ற கரெண்ட்டு இதுக்குப் பத்தாது, சப்ளையிலருந்து தனியா ஒயர் குடுக்கணும்." மற்றது உள்ளங்கை அளவு, ஒற்றை விசிறி. "இதுக்கு ஒயரே வேணாம். ஸ்லாட்டு குடுக்கிற எழுபத்தஞ்சு வாட்டுலயே ஓடிக்கும்."

சுனில் சின்னதை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா இது, பொம்மையா?" என்று சிரித்தான். பொய் சொல்வானேன், எனக்கும் பெரிசின் மேல்தான் கண். அதையே வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது நான் நாலு தரம் உறையைப் பிரித்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு மாட்டினோம். எங்கள் சப்ளையில் அந்தக் கார்டுக்கான ஒயர் இல்லை. ஜாய்சன் அதற்கும் ஓர் இணைப்பு ஒயர் கொடுத்திருந்தான், டிஸ்க்குக்குப் போகிற இரண்டு முனைகளைச் சேர்த்து ஒன்றாக்குவது. சொருகி, பட்டனை அழுத்தினேன். விசிறி இரண்டும் சுற்றின. மேடையைத் திறந்தேன். மேடை வந்தது. மவுஸை நகர்த்தினேன்.

நடந்தேன்! படியேறி, தூணைத் தாண்டி, சோபா வரைக்கும் நடந்தேன். சாமந்திச் சரம் என் தோளில் உரசுகிற மாதிரி பக்கத்தில் வந்து போனது. "சுனிலு!" என்று நான் போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது. அவன் என் நாற்காலியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினான்.

டக்.

திரை இருட்டு. விசிறி நின்றது. உள்ளே சின்ன விளக்குகூட எரியவில்லை.

மறுபடி போட்டோம். மறுபடி மேடை வந்தது, மறுபடி படியேறினேன், மறுபடி டக். மூன்றாவது தரமும் அதேதான். சோபாவைத்தான் தொட முடியவில்லை. சுனில் வோல்டேஜைத் திட்டினான். பிளக் பாயின்ட்டை மாற்றினான். மேல்வீட்டு முத்தம்மா மிக்சி போடுகிறதுதான் காரணம் என்று மாடியேறிப் போய், சட்னி அரைப்பதை நிறுத்தச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினான். மிக்சி நின்ற பிறகும் மெஷின் நின்றது.

"கண்ணு பட்டுட்சு மகா. பஸ்ஸுல நீ பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தியே, யாரோ வாயைப் பொளந்துக்கினு பாத்தாங்க. ஒரு எலுமிச்சம்பழம் சுத்திடலாம்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் எலுமிச்சம்பழத்தை அவன் தலையிலேயே பிழிந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். 'படம் மட்டும் அனுப்பிக்கினு இரு' என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்து, மெஷினுக்குள் தலையை விட்டேன். சப்ளை டப்பாவில் எண் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டுமே!

எழுதித்தான் இருந்தது. அதன் மேல் ஒரு விரற்கடை கனத்துக்குச் சந்தனம்.

இது சுனில் வீட்டு வழக்கம். ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினுக்கு வெளியே பொட்டு வைத்தால் போதாது, கரெண்ட் நுழைகிற இடத்தில் வைக்க வேண்டும் என்பார் மாமியார். அதனால் ஒவ்வொரு பூஜைக்கும் சுனில் மூடியைக் கழற்றி, தூசி தட்டி, அந்த டப்பாவின் ஸ்டிக்கர் நடுவில் பயபக்தியோடு சந்தனத்தை அப்பி, குங்குமம் வைப்பான். பழையதை எடுத்தால் பாவம் என்று அதன் மேலேயே புதுசு. இந்தத் தெருவில் ஆட்டோவிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஆனால் எண்ணையே மூடிக் கும்பிட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, துணியைத் தேங்காயெண்ணெயில் நனைத்து ஊறவைத்து, தோசைக் கரண்டி முனையால் சுரண்டினேன். வாசனை மட்டும் பிரமாதம்.

"சுனிலு, இங்க வா. இத படி."

குனிந்து படித்தான். "இருநூத்தி நாப்பது."

"நானூத்தி அம்பது எங்க?"

"அன்னிக்கு வித்தவன் அப்படித்தான் சொன்னான்னு..." என்று இழுத்தான்.

"உன் லிஃப்டுல எட்டுப் பேர்னு போட்டிருக்கு. ஒம்போதாவது ஆள் ஏறினா இன்னா பண்ணுவே?"

"எறங்குன்னுவேன்."

"எறங்கலேன்னா?"

"கதவு மூடாது. பீப் அடிக்கும்."

"அதுவாச்சும் பீப் அடிக்குது. இது வாயில்லா ஜீவன், படுத்துக்கினு போயிடுது."

ஒரு நொடி என்னை முறைத்தான். அப்புறம் அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, எண்ணெய்க் கையோடு சிரித்தோம். பயம் போகவில்லை. ஆனால் எதிரி யார் என்று தெரிந்துவிட்டது, அது பெரிய நிம்மதி.

ஜாய்சனுக்குப் போன் போட்டேன். சப்ளையையே மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "நக்கோ, அதெல்லாம் வேணாம் மேடம். அது கம்பெனி மெஷினு. அதோட டப்பா அளவு வேற, போர்டுல சொருவுற முனையும் வேற. கடையில கெடைக்கிறது அதுல ஒக்காராது. தேடிப் புடிக்க ஒரு வாரம் ஆவும். நீங்க சின்னத எடுத்துக்கங்க" என்றான்.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். ஜாய்சன் பெரிய கார்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "சந்தன வாசனையோட திரும்பி வர்ற மொத கார்டு இதுதான்" என்றான். சுனில் பக்கத்துக் கடை போர்டைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டான்.

சின்னதை மாட்டினோம். ஒயர் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே அழுத்து, உட்கார்ந்துவிட்டது. பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றுமே வரவில்லை.  சுனில் மெல்ல, "எலுமிச்சம்பழம்..." என்று ஆரம்பித்தான். நான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அவசரத்தில் திரையின் ஒயரைப் பழைய துளையிலேயே சொருகியிருந்தேன். பிடுங்கிப் புதுக் கார்டில் சொருகியதும் பளிச்சென்று வந்தது.

மேடையைத் திறந்தேன். படியேறினேன். தூண். பூ. சோபா! சோபாவைச் சுற்றி ஒருமுறை, இருமுறை, பின்னால் போய் முன்னால் வந்து, தரையில் விரித்த சிவப்புக் கம்பளத்தில் ஓடிக்கூடப் பார்த்தேன். கொஞ்சம் திக்கியது. ஆனால் அணையவில்லை. பெரிய கார்டு சப்ளையிடம் இல்லாததைக் கேட்டது. இதற்கு அப்படிக் கேட்கத் தெரியாது, ஸ்லாட்டு தருவதற்கு மேல் ஒரு வாட்டும் கேட்காது. எனக்கு அதைத் தூக்கி முத்தம் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

திக்குவதை நிறுத்துவது என் வேலை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அதுதான். மீதிச் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கிட்டத்தில் வருகிற பூவுக்கு மட்டும் இதழ் இதழாக உயிர் வைத்தேன். பின்வரிசைப் பூவை வெறும் நிறமாக விட்டேன். யாரும் பார்க்காத நிழல்களை அணைத்தேன். சாயங்காலம் மேடை வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

ஞாயிறு காலை மெஷினைப் போர்வையில் சுற்றி, சுனில் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு குழியிலும் டிரைவரைத் திட்டினான். ரிச்சர்ட்ஸ் டவுனில் அது பழைய பங்களா வீடு. ஹாலில் பெரிய டிவி. கோவிந்தப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். எதிரே மௌரீன், பக்கத்தில் கல்யாணப் பெண் எலிசபெத், ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அவளுடைய அப்பா பால்ராஜ். ஒயர் எட்டாததால் நான் டிவிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். சுனில் கதவோரம் நின்றான்.

மேடை டிவியில் எழுந்தது. நான் நடந்தேன், கோவிந்தப்பா பேசினார். "இது நம்ம டிசைன் மேடம். ரெண்டு பக்கமும் பூத்தூண், பெரிய தூண்."

மௌரீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரோஸ் கலர் அதிகமா இருக்கு."

குறைத்தேன். அவர் கண் முன்னாலேயே மேடை வெள்ளையானது.

"அடடே" என்றார் மௌரீன். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அந்த விளக்கைக் கொஞ்சம் மேல ஏத்து. இன்னும். ஆங், போதும்." எனக்குள் மத்தளம் கொட்டியது. இதற்கு முன்னால் ஒரு விளக்கை ஏற்ற அவர் அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

அதுவரைக்கும் பேசாமல் இருந்த எலிசபெத் அப்போது கேட்டாள். "எல்லாரும் கீழயிருந்து மேடையத்தான் காட்டறாங்க. நான் மேல ஒக்காந்தா எனக்கு இன்னா தெரியும்?"

"அதெல்லாம் வராதும்மா" என்று கோவிந்தப்பா சிரித்தார். "மேடைதான் வரும்."

"வரும்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

மேடையைத்தான் நான் வெண்ணெயாக்கி வைத்திருந்தேன். ஹால் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை. திரும்பினால் மண்டபம் முழுக்க, ஐந்நூறு நாற்காலியும் கூரை விளக்கும் ஒரே நேரத்தில் வந்து விழும். சுனில் கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்தான். லோடு எவ்வளவு என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. மெஷின் படுத்துக்கொண்டால், நான் இந்த வீட்டுத் தரையிலிருந்து எழுந்து நேரே மர்பி டவுனுக்குப் போய், ஆயுசுக்கும் வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சோபாவில் போய் உட்கார்ந்த உயரத்துக்குப் பார்வையை இறக்கினேன். மெல்லத் திருப்பினேன்.

சின்ன விசிறி ஓவென்று இரைந்தது. படம் நின்றது. கோவிந்தப்பா தொண்டையைக் கனைத்தார்.  படம் ஒரு குதி குதித்தது, இன்னொரு குதி குதித்தது, பிறகு வரிசை வரிசையாக நாற்காலிகள் வந்து நின்றன. மொத்த மண்டபமும் எங்கள் எதிரே விரிந்தது. அணையவில்லை! சுனில் கதவை ஒரு குத்து குத்தினான், மௌரீன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

எலிசபெத் எழுந்து டிவி பக்கத்தில் வந்தாள். "அப்பா சேர் எங்க வரும்?"

"எடது பக்கம்" என்றார் மௌரீன். "மண்டபத்துக்குள்ள வர்ற சரிவுப் பாதை அங்கதான இருக்கு. மேடை ஏற முடியாதே, அவரு அங்கதான் இருப்பாரு."

அங்கே ஒரு நாற்காலியை வைத்து, தெரிய வேண்டும் என்று நீல நிறம் கொடுத்தேன். வைத்தது எனக்குத் தெரியும், ஆனால் திரையில் காணவில்லை. கோவிந்தப்பா பெருமையாகச் சொன்ன பெரிய பூத்தூண் அதை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது.

 எலிசபெத்தின் முகம் சுருங்கியது. "ரிசப்ஷன் முழுக்க நான் இந்தத் தூணத்தான் பாக்கணுமா?"

நான் யாரையும் கேட்கவில்லை. தூணைப் பிடித்தேன், பின்சுவர் வரைக்கும் தள்ளினேன். அங்கே அது அசிங்கமாக இருந்தது. பாதியாக வெட்டி, மேலே போகவேண்டிய பூவையெல்லாம் கீழே படியோரம் தவழவிட்டேன். விசிறி இரைந்துகொண்டே இருந்தது. மறுபடி சோபாவில் உட்கார்ந்து திரும்பினேன். மலர்களுக்கு மேலே, ஒன்றுமே மறைக்காமல், நீல நாற்காலி.

ஜன்னலோரத்திலிருந்து பால்ராஜ் கேட்டார். "தெரியறனா பாப்பா?"

"தெரியறீங்கப்பா" என்றாள் எலிசபெத். திரையில் அந்த நாற்காலியை விரலால் தொட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மௌரீன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கோவிந்தப்பா சுதாரித்துக்கொண்டு, "நம்ம டிசைன்ல இதெல்லாம்..." என்று தொடங்கினார். மௌரீன் அவரைப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, நீ ஏன் தரையில ஒக்காந்திருக்க? எழுந்து வா. உன் பேரு இன்னா?"

"அவ நம்ம பொண்ணுதான் மேடம்" என்றார் கோவிந்தப்பா.

"நான் அவளக் கேட்டேன்" என்றார் மௌரீன்.

எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது, புடவையெல்லாம் தூசி. கதவோரம் சுனில் ஊரையே கூட்டிவிடுகிற மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கோவிந்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு, சொல்லிவிட வேண்டும், அவராகவேதான் சோபாவில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"மகாலட்சுமி, ஆன்ட்டி" என்றேன். "மேடை டிசைன் பண்றது நான்தான்."